எந்த லைன்?

கல்யாண மாப்பிள்ளைக்கு, உன் அம்மா எழுதிக்கொள்வது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் சொல்லலாம் என்றுதான் இந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் உன் செல்வம் மாமா எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டு, இந்தக் கல்யாணத்தைத் தான் ஒற்றை ஆளாக முடித்துவைத்த வரலாற்றை ஆரம்பித்துவிடுகிறான். கூடப்பிறந்த தம்பியாகிப் போனான், என்ன செய்வது? அதனால் எழுதிவிடுகிறேன். நீ படித்துவிட்டு ரம்யாவிடம் கொடு. பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற வேறு யார் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

போன வாரம் பத்திரிகை ஓரங்களில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். “குலசாமிக்கு வெச்ச கையோட அடுத்த பத்திரிகைய எதுக்கும்மா பரங்கிப்பேட்டைக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்க? சொந்தக்காரங்களே அவ்வளவு பேரு இருக்கறப்ப?” என்பது ஒன்று. இன்னொன்றை மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய். “அன்னிக்கி நம்ம வீட்ல எல்லாருமே ஒரே அர்த்தத்துலதான எடுத்துக்கிட்டோம். ஒனக்கு மட்டும் எப்படிம்மா போன் பண்ணி கேக்கணும்னு தோணுச்சி?” இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அது கொஞ்சம் நீளம். உன் அப்பாவும் நானும் உனக்குச் சொல்லாமலே விட்ட ஒரு மத்தியானத்தைப் பற்றியது.

முதலில் இந்த வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ வீட்டுக்குள் வந்தபோது பாதி முடிந்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேசலாம் என்று செல்வம் மாமா ரம்யாவின் அப்பாவுக்குப் போன் போட்டான். நான் அடுப்படியில் இருந்தேன். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா, “ஹலோ, ஹலோ, சிதம்பரத்துலேருந்து பேசறேங்க” என்று நாலு வீடு கேட்கிற மாதிரி கத்தினான். பிறகு அவன் குரல் அடங்கிப் போனது. போனைக் கீழே வைத்தபோது அவன் முகம் கறுத்துவிட்டிருந்தது. “அக்கா, பையனோட லைன் சரியில்லையாம். அப்புறமா பாத்துக்கலாமாம்” என்றான். அந்த நேரம் பார்த்து நீ வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாய்.

வேறு வேலையில் இருக்கிறவன் காதில் அந்த வார்த்தை விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நீ லைனுக்குப் போகிறவன். பிஸ்கட்டும் அப்பளமும் மசாலாப் பொடியும் ஏற்றிக்கொண்டு, ஒரு நாள் சேத்தியாத்தோப்பு லைன், ஒரு நாள் ஸ்ரீமுஷ்ணம் லைன், ஒரு நாள் கீரப்பாளையம் லைன் என்று கடை கடையாகப் போடுகிறவன். இஞ்சினீயரிங் படித்துவிட்டு மெட்ராஸில் வேலை பிடிக்காமல் திரும்பிவந்து, பழைய குட்டியானை வண்டி ஒன்றை வாங்கி நீ இந்தத் தொழிலை ஆரம்பித்தபோது, “படிச்ச புள்ள லைனுக்குப் போவுதா?” என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நீ அதையெல்லாம் சிரித்தே தட்டிவிட்டாய் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, எல்லாவற்றையும் உள்ளே போட்டு வைத்திருக்கிறாய் என்று. ஸ்ரீமுஷ்ணம் லைனில்தான் நீ ரம்யாவைப் பார்த்தாய். அவளுடைய சித்தப்பா மளிகைக் கடைக்குச் சரக்கு போடப் போய், அங்கே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பிடித்துப்போய் எங்களிடம் வந்து சொன்னாய். “லைனுக்குப் போன எடத்துல லைன் போட்டுட்டு வந்துட்டான்” என்று இதே செல்வம் மாமா வீடு அதிரச் சிரித்தான். அப்போது அந்த வார்த்தை எல்லாருக்கும் இனித்தது. இப்போது அதே வார்த்தை உன் முகத்தில் அடித்தது. நீ கோபப்பட்டிருந்தால் கூட எனக்கு ஆறியிருக்கும். “அவங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தாய். சுத்தமாக இருந்த வண்டியை.

அதற்குப் பிறகு நீ போனை அணைத்துவைத்தாய். மாமா கீரப்பாளையத்தில் வேறு ஒரு பெண் இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தான். “அவுங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே வேணாம்னு சொல்லிப்புடணும் மாமா, நமக்கும் ஒரு மரியாத வேணுமில்ல” என்று உன் அப்பாவிடம் ஓதினான். உன் அப்பா எப்போதும் போல “ம்” என்றார். அவருடைய “ம்” சரி என்றும் அர்த்தமாகும், நீ பேசி முடி என்றும் அர்த்தமாகும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் சில நேரம் எனக்கே புரிவதில்லை.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். உனக்கு என்னை மாவு அரைக்கிற அம்மாவாகத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் கடலூரில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். செல்போன் எல்லாம் யாரும் கண்ணால் பார்க்காத காலம். கம்பெனிக்குள் யார் யாரிடம் பேச வேண்டுமானாலும் என் போர்டு வழியாகத்தான் பேச வேண்டும். எனக்கு முன்னால் சின்னச் சின்ன விளக்குகள், ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் ஒரு கீ. விளக்கு எரிந்தால் கீயைத் தள்ளி, “ஆபரேட்டர், சொல்லுங்க” என்பேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என் வாயில் அதிகம் புழங்கிய வார்த்தை லைன்தான். லைன் குடுக்கறேன், லைன்ல இருங்க, லைன் பிஸி, லைன் கட்டாயிடுச்சி, லைன் கிடைக்கல. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கடலூர் ஓல்டு டவுனில் நாங்கள் குடியிருந்ததும் லைன் வீடு. ஒரு சுவரை இரண்டு வீடு பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிற வீடுகள். அங்கே போனால் ரேஷன் கடையில் லைன், குழாயடியில் லைன். “மண்ணெண்ணெய் ஊத்தறாங்களாம், லைன்ல போய் நில்லு” என்று அம்மா கேனை நீட்டுவாள். இங்கிலீஷில் நாலே எழுத்து. நம் ஊரில் அது ஒரு குடும்பத்தையே காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வேலை வாங்கியது.

உன் அப்பா அதே கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். அவருக்கு லைன் என்றால் கரண்டு, வேறு எதுவும் கிடையாது. லைன் வந்துச்சா, லைன் போச்சா, லைன ஆஃப் பண்ணு, லைன் குடு. எனக்கு அவரை அப்போது பெயர் தெரியும், அவ்வளவுதான். போர்டு அறையில் மின்விசிறி நின்றுபோனால் வருவார், சரிசெய்வார், போவார். ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டார். திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்வேன். கரண்டை நிறுத்துவதும் கொடுப்பதும் பேனல் ரூமில். அங்கே இருந்தவர் இஸ்மாயில் பாய். பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் வந்து போகிறவர். எங்களைவிட வயதில் மூத்தவர். அதிர்ந்து பேச மாட்டார். எதைச் சொன்னாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுவார். அவருக்குக் காது மந்தம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

ஒரு நாள் மத்தியானம், நல்ல மழை விட்ட நேரம். காற்றில் ஒரு வேப்பங்கிளை முறிந்து, பாய்லர் ஷெட்டுக்குப் பின்னால் போன கரண்டு கம்பி மேல் விழுந்துவிட்டது. பேனல் ரூமில் சொல்லி லைனை நிறுத்திவிட்டு உன் அப்பா கம்பத்தில் ஏறினார். வேலை முடிந்து இறங்கியதும் ஷெட்டில் இருக்கிற போனிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டும், நான் பேனல் ரூமுக்குச் சொல்ல வேண்டும், பாய் கரண்டு விட வேண்டும். இதுதான் பேச்சு. அந்த நேரத்தில்தான் மேனேஜர் மெட்ராஸுக்கு டிரங்க் கால் கேட்டுக்கொண்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். “என்னம்மா, லைன் குடுக்கறியா இல்லியா?” என்று அவர் கேட்க, நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கேட்க, எக்ஸ்சேஞ்சில் “வெயிட் பண்ணுங்க” என்று சொல்ல, அப்படியே போய்க்கொண்டிருந்தது. கரண்டு இல்லாததால் அறையில் புழுக்கம். போர்டு மட்டும் பேட்டரியில் ஓடியது. திடீரென்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விளக்கு ஒன்றாக எரிந்தது. ஒன்று எக்ஸ்சேஞ்ச், ஒன்று பேனல் ரூம். நான் தள்ளிய கீ பேனல் ரூமுடையது. எக்ஸ்சேஞ்சில்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, “சார், சீக்கிரம் லைன் குடுங்க சார். மேனேஜர் கத்திக்கிட்டு இருக்காரு. ஒடனே குடுங்க” என்று படபடவென்று கொட்டினேன்.

நீயே சொல். கையை மெயின் சுவிட்சில் வைத்துக்கொண்டு, எப்போது சொல்வார்கள் என்று காத்திருக்கிற ஒருவர் காதில் இது எப்படி விழும்? சொல்ல வேண்டிய ஆள் சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டிய வார்த்தையைத்தான் சொன்னாள். மேனேஜர் அவசரப்படுத்துகிறார். கரண்டு விட்டிருந்தால் யாரும் பாயைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த மனுஷர், “எந்த லைன்மா?” என்று கேட்டார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “எந்த லைனா? மெட்ராஸ் லைன்தான் சார், வேற எந்த லைன் கேப்பாங்க?” என்றேன்.

“யம்மா, நான் பேனல் ரூம் இஸ்மாயில் பேசறேன். மெட்ராசுக்கு நான் எப்படிம்மா குடுப்பேன்?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “நான் இங்க கரண்டு லைன புடிச்சிக்கிட்டு நிக்கறேன். மேல தம்பி இருக்கான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். பாய்லர் ஷெட்டுக்கு மேலே அந்தக் கம்பம் தெரியும். உன் அப்பா ஈரச் சட்டையோடு மேலே நின்றுகொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காகம் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.  மேனேஜருடைய விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஷெட்டிலிருந்து போன் வந்தது. “ஆபரேட்டரம்மா, வேல முடிஞ்சிடுச்சி. லைன் குடுக்கச் சொல்லிடுங்க.” நான், “எறங்கிட்டீங்களா?” என்றேன். “எறங்கிட்டங்க.” “கீழதான் இருக்கீங்களா?” “ஆமாங்க.” “நல்லா பாத்து சொல்லுங்க, நீங்க கீழதான் இருக்கீங்களா?”  “கம்பத்து மேல போன் கெடையாதுங்க” என்றார். நான் சிரித்துவிட்டேன், அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அழுகைச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. எதற்கு இந்தப் பெண் அழுகிறது என்று தெரிந்துகொள்ள அன்றைக்குச் சாயங்காலம் மின்விசிறியைச் சரிபார்க்கிற மாதிரி வந்தார். மின்விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அது அடிக்கடி கெட்டுப்போக ஆரம்பித்தது. “எலெக்ட்ரீஷியன் ஆபரேட்டருக்கு லைன் போடறான்” என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு லைன் வீடு வரைக்கும் வந்து, என் அப்பா காதில் விழுந்து, ஒரு வாரம் வீட்டில் சட்டி பானை பறந்தது தனிக் கதை. அதில் உன் செல்வம் மாமா எனக்காகப் பரிந்து பேசி ஒரு அறை வாங்கினான். அதை அவனே மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை.

நடந்ததை உன் அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று பாய் என்னிடம் கேட்டுக்கொண்டார். “இப்ப சொல்லாதம்மா. தெரிஞ்சிதுன்னா அடுத்த தடவ ஏறறப்ப காலு நடுங்கும். அதுதான் ஆபத்து.” கல்யாணம் ஆகி, உன் அப்பா அந்த வேலையை விட்டு, சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையை ஆரம்பித்த பிறகுதான் சொன்னேன்.  மறுநாள் காலையில் அவர் பஸ் ஏறிக் கடலூருக்குப் போயிருக்கிறார். பேனல் ரூமில் பாய்க்கு முன்னால் ஒரு பொட்டலம் பக்கோடாவை வைத்தாராம். “எதுக்குப்பா?” என்று பாய் கேட்க, “சும்மாதான் பாய்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். சாயங்காலம் என்னிடம், “நன்றின்னு சொல்லணும்னுதான் போனேன். வாய் வரல” என்றார். உன் அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த வருஷம் நீ பிறந்தாய்.

பாய் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அதனால்தான் அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் மனைவியைப் பார்க்கப் போனோம். வெற்றிலைப் பாக்கோடு பத்திரிகையைக் கையில் கொடுத்து, இன்ன மாதிரி, எங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதும் எங்களுக்கு இப்படி ஒரு பிள்ளை இருப்பதும் உங்கள் வீட்டுக்காரர் கேட்ட ஒரு கேள்வியால்தான் என்று சொன்னேன்.  “எங்கிட்ட சொன்னதே இல்லியேம்மா” என்றார் அந்தம்மா. பாய் அதை ஒரு பெரிய காரியமாகவே நினைக்கவில்லை. பிறகு அந்தம்மா சிரித்துக்கொண்டே, “அவுங்களுக்கு எதையும் ரெண்டாவது வாட்டி கேக்கணும். உப்பு போடவான்னு நான் கேட்டா, எதுக்குப் போடப்போறன்னு கேப்பாங்க. எனக்கு அவ்வளவு எரிச்சலா வரும். அவுங்க மவுத்தான பின்னாடிதான், கேக்க ஆளு இல்லியேன்னு இருக்கு” என்றார். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வந்தால் நீயும் ரம்யாவும் மேடையிலிருந்து இறங்கிவந்து கும்பிட வேண்டும். அவரை மேலே ஏறவைக்கக் கூடாது.

இப்போது உன்னுடைய இரண்டாவது கேள்வி. உன் மாமா கீரப்பாளையம், கீரப்பாளையம் என்று ஓதிக்கொண்டிருந்த மூன்றாவது நாள் காலையில், எனக்கு அடுப்படியில் நிற்கவே முடியவில்லை. வெளியே வந்து அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “அவரு சொன்னத அப்படியே சொல்லு. ஒன் சொந்த சரக்க சேக்காத” என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: “லைன் சரியில்லீங்க. அப்புறமா பாத்துக்கலாம். வெச்சிடட்டுங்களா.” செல்வம் மாமாவை நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். ஆனால் அவன் அன்று ஒரு வார்த்தையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதற்கு அவனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். “பையனோட லைன்னு சொன்னாரா, வெறும் லைன்னு சொன்னாரா?” என்று கேட்டேன். “பையன்னு சொல்லலக்கா. ஆனா வேற எந்த லைன சொல்லப்போறாரு?” என்றான். எனக்கு அந்தக் கடைசி வார்த்தையில்தான் காது நின்றது. வெச்சிடட்டுங்களா. போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் அந்த வார்த்தையை நான் எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் கத்திக் கத்திக் களைத்துப் போனவர்கள்தான் அப்படிச் சொல்லுவார்கள். மாப்பிள்ளை வேண்டாம் என்கிறவர் போனை வைக்கட்டுமா என்று அனுமதி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

உடனே போன் போட்டேன். “போவாத இடத்துக்குப் போயி நிக்கிறியேக்கா” என்று மாமா தலையில் கையை வைத்துக்கொண்டான். ரம்யாவின் அப்பா எடுத்தார். குரல் விறைப்பாக இருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. “அன்னிக்கி லைன் சரியில்லன்னு சொன்னீங்களாமே. எந்த லைன சொன்னீங்க?” என்றேன்.

“எந்த லைனா? போன் லைன்தாங்க. மல்லாட்ட கொல்லையில, கடல செடிக்கு நடுவுல நின்னுட்டு இருந்தேன். ஒரு எழவும் கேக்கல. ஏன், நீங்க எந்த லைன்னு நெனச்சீங்க?”

 மறைக்காமல் சொன்னேன், எங்கள் பையன் போகிற லைனைத்தான் சொல்லிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டோம் என்று. அவர் “ஐயையோ, ஐயையோ” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார் போல. “மாப்ள லைனுக்கு வர்றத பாத்துதாங்க எங்களுக்கே புடிச்சிது. எவ்வளவு மழ அடிச்சாலும் சொன்ன நாள்ல அந்தத் தம்பி வண்டி வந்து நிக்கும்னு என் தம்பி ஜாஸ்தியா புகழுவான். எம்பொண்ண அவரு கையிலதான் குடுக்கணும்னு நாங்க இருக்கறோம், நான் போயி அப்படிச் சொல்லுவனா?” என்றார். பிறகு குரல் இறங்கி, “நாங்க வேற மாதிரி நெனச்சிக்கிட்டு இருந்தங்க. மூணு நாளா மாப்ள போனே எடுக்கல. உங்களுக்குத்தான் எங்க எடம் புடிக்கலன்னு வீட்ல அடுப்பே எரியல” என்றார். நான் இந்தப் பக்கம் அழ, அவர் அந்தப் பக்கம் சிரிக்க, கடைசியில் இரண்டு பேருமே சிரித்தோம். எதைக் கேட்கவே இத்தனை நாள் பயந்தோமோ அது ஒரு நிமிஷத்தில் முடிந்துபோனது. அந்த நல்ல மனுஷருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எங்களை எப்படி அவ்வளவு கேவலமாக நினைத்தீர்கள் என்று அவர் கோபித்துக்கொண்டிருக்கலாம். கோபிக்கவில்லை.

கல்யாணம் ஆகிற பிள்ளைக்குப் பெற்றவள் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் இருவரும் பேசப்போவது ஒரே தமிழ்தான், ஆனால் இரண்டு வீட்டிலிருந்து வருகிற தமிழ். நம் வீட்டில் “பரவால்ல” என்றால் நிஜமாகவே பரவாயில்லை என்று அர்த்தம். அவர்கள் வீட்டில் அது கோபத்தின் கடைசிப் படியாக இருக்கலாம். உன் அப்பா “சரி” என்றால் பேச்சு முடிந்தது. சிலருக்குப் பேச்சே அங்கேதான் ஆரம்பிக்கும். ஒரு வார்த்தை உன்னைச் சுட்டால், அது உன்னைச் சுடத்தான் சொல்லப்பட்டதா என்று கேட்டுவிடு. கேட்பதால் உன் மரியாதை குறையாது. பாயைக் காது மந்தம் என்று கேலி செய்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அவரால்தான் இன்று என் வீட்டில் கல்யாணம் நடக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உனக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அப்போது என்னைக் கேட்டுக்கொண்டார்கள். போன வாரம்தான், “கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிக்கறேனே” என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

அன்று ரம்யாவின் அப்பாவிடம் பேசி முடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரே பஸ் இரைச்சல். கண்டக்டர் “புவனகிரி, சிதம்பரம்” என்று கத்துவது கேட்டது. “அத்தை, நான் ரம்யா. என் போன்ல சார்ஜ் இல்ல, கடையில வாங்கிப் பேசறேன். சார்ஜ் போறதுக்கு முன்னாடிதான் அப்பா போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னாரு” என்றாள். “எங்கம்மா இருக்கற?” என்றேன். “சேத்தியாத்தோப்புல. பஸ்சுக்கு நிக்கறேன்.” “அங்க என்ன வேலம்மா?” என்று கேட்டேன்.  “உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தேன் அத்தை. அவரு போன எடுக்கல. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வேணாம்னா வேணாம்னு அவரு வாயால சொல்லட்டும், கேட்டுட்டுத் திரும்பிடலாம்னு, வீட்ல ஒரு பொய்ய சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்.” பிறகு அவளே, “இப்ப வரட்டுமா அத்தை, திரும்பிடட்டுமா?” என்று கேட்டாள். “நீ வீட்டுக்குப் போம்மா. நாங்க வர்றோம், பூ வெக்கறதுக்கு” என்றேன். “அவருகிட்ட சொல்லாதீங்க அத்தை, வெக்கமா இருக்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போனைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாக வெகு நேரம் நின்றேன். நீ கீழே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாய், மறுபடியும். உன் போன் அணைந்து மேசை மேல் கிடந்தது. அந்தப் பெண் வீட்டில் பொய் சொல்லிவிட்டு, எவ்வளவு பெரிய அவமானம் வந்தாலும் வரட்டும் என்று துணிந்து, உன் ஒரு வார்த்தைக்காகப் பாதி வழி வந்திருந்தாள். இவளை எங்களுக்குக் கொடுத்த அந்த வீட்டுக்கு நான் வேறு என்ன சொல்லி நன்றி சொல்வேன்?

அவள் கூப்பிட்டால் எடு, கண்ணு. எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் எடு.

அம்மா